எல்லை தாண்டும் ரயிலும் தனித்தனிப் பயணச்சீட்டும்

2024 அக்டோபரில் ஒரு மாலை, வியன்னா மத்திய ரயில் நிலையத்தின் நடைமேடையில் பெட்டிகளோடு என் பெற்றோரை உட்கார வைத்துவிட்டு, நாங்கள் ஏறவேண்டிய புடாபெஸ்ட் ரயில் போய்விட்டதா என்று அறிவிப்புப் பலகையில் தேடிக்கொண்டிருந்தேன். அது உரிய நேரத்தில் புறப்பட்டுப் போயிருந்தது. பிராகிலிருந்து வியன்னா வரை ஒரு சீட்டும் வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் வரை இன்னொரு சீட்டுமாக இரு வேறு தளங்களில், இரண்டிலும் மிகக் குறைந்த கட்டணத்தைத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தேன். ரயில் மாறுவதற்கு இருந்தது 16 நிமிடம். முதல் ரயில் வந்து சேர்ந்ததோ 34 நிமிடம் தாமதமாக.

"கனெக்‌ஷன் டிரெய்ன் நமக்காகக் கொஞ்சம் நிக்காதாப்பா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த இரண்டாவது ரயில் எங்களுக்கு இணைப்பு ரயிலே அல்ல என்பதை நான் அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன். எங்கள் கணக்கில் மட்டுமே அது இணைப்பு ரயில். சட்டத்தின் கணக்கில் அது முதல் ரயிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு பயணம். கவுன்ட்டரில் இருந்தவர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, அது குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் உரிய சலுகைச் சீட்டு, ரயில் போனதோடு சீட்டும் போயிற்று என்று அமைதியாகச் சொன்னார். மூவருக்கும் முழுக்கட்டணத்தில் புதுச் சீட்டு வாங்கினேன். பிரித்து வாங்கியதால் நான் மிச்சப்படுத்தியிருந்த தொகையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு அதற்குச் செலவானது. புடாபெஸ்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமான தாமதத்தோடு போய்ச் சேர்ந்தோம். பணத்தைவிட, முழங்கால் வலியோடு அம்மா அந்தக் குளிரில் காத்திருந்ததுதான் என்னை உறுத்தியது.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் வேலை பார்க்கும் நான் அதற்குப் பிறகு பயணிகள் உரிமை விதிகளை நிதானமாகப் படித்தேன். அடுத்த ஆண்டு மே மாதத்தில் மாமனார், மாமியாரோடு அதே நாடுகளுக்கு மீண்டும் சென்றபோது, படித்தவற்றை வைத்தே திட்டமிட்டேன். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து ஐரோப்பாவைச் சுற்றிக் காட்ட நினைக்கும் எவருக்கும் இவை பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஐரோப்பாவில் எல்லை தாண்டும் ரயில் ஒன்றாகத் தெரிந்தாலும் அதன் பின்னால் இருப்பவை பல நிர்வாகங்கள் என்பதுதான். கன்னியாகுமரியிலிருந்து தில்லிக்குப் போனாலும் நமக்கு ஒரே ரயில்வே, ஒரே முன்பதிவு முறை, ஒரே பி.என்.ஆர். எண். இங்கே ஜெர்மனி, செக், ஆஸ்திரியா, ஹங்கேரி ஒவ்வொன்றுக்கும் தனி ரயில்வே, தனிக் கட்டண விதி, தனி விற்பனைத் தளம். தண்டவாளத்தின் மேலே ஓடும் மின்சாரம்கூட ஒன்றல்ல: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 15,000 வோல்ட், செக்கின் வடபகுதியில் 3,000 வோல்ட் நேர்மின்னோட்டம், அதன் தென்பகுதியிலும் ஹங்கேரியிலும் 25,000 வோல்ட். பழைய காலத்தில் எல்லையில் எஞ்சினை மாற்றினார்கள். இப்போது எல்லா மின்னோட்டத்திலும் ஓடும் எஞ்சின்கள் வந்துவிட்டதால், பயணிக்கு எல்லை தெரிவதே இல்லை. பயணச்சீட்டில் மட்டும் அந்த எல்லை இன்னும் இருக்கிறது.

ஆகவே சீட்டு வாங்கும்போது விலை எவ்வளவு என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, வழியில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே. புறப்படும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரை ஒரே ஒப்பந்தமாக விற்கப்படும் சீட்டை முழுவழிச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை ரயில் மாறினாலும் பயணம் ஒன்றுதான்; தாமதத்தைக் கடைசி ஊரில் வைத்துத்தான் அளப்பார்கள். 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 எண் ஒழுங்குவிதியின்படி, சேரும் இடத்தில் 60 முதல் 119 நிமிடம் வரை தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும் 120 நிமிடமும் அதற்கு மேலும் ஆனால் 50 சதவீதமும் இழப்பீடாகக் கேட்கலாம். 60 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தாலே பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வேறு ரயிலில், வேறு வழியில், கூடுதல் கட்டணமின்றிச் செல்லலாம். காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற உணவும் அன்றிரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் தரவேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. கடும் வானிலை போன்ற அசாதாரணச் சூழல்களில் இழப்பீடு கிடைக்காது. ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை அப்போதும் நீங்காது.

இந்த விதியை என் வியன்னா மாலையோடு பொருத்திப் பார்த்தால் தனித்தனிச் சீட்டின் உண்மையான விலை தெரியும். முதல் ரயிலின் தாமதம் 34 நிமிடம். 60 நிமிடத்தைத் தொடாததால் அந்த நிறுவனம் எனக்கு எதுவும் தரவேண்டியதில்லை. இரண்டாவது ரயில் குறித்த நேரத்தில் கிளம்பியது. அந்த நிறுவனமும் எதுவும் தரவேண்டியதில்லை. இரண்டு நிறுவனங்களும் விதிப்படியே நடந்தன, நடுவில் நாங்கள் மூவர் நடைமேடையில் இருந்தோம். அதே பயணத்தை முழுவழிச் சீட்டில் செய்திருந்தால் அடுத்த ரயிலில் செலவின்றி ஏறியிருப்போம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய தாமதத்துக்குப் பாதிக் கட்டணமும் திரும்பக் கிடைத்திருக்கும்.

ஒரே கூடையில் போட்டு ஒரே தடவையில் பணம் கட்டினால் அது முழுவழிச் சீட்டு ஆகிவிடும் என்று நினைக்கக் கூடாது. பல நிறுவனங்களின் சீட்டுகளைச் சேர்த்து விற்கும் இடைநிலைத் தளங்களில் ஒரு தொகை கட்டினாலும் கைக்கு வருபவை தனித்தனிச் சீட்டுகளாக இருக்கலாம். அவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தெரிவிக்காமல் தானே இணைத்து விற்ற முகவர், இணைப்பு தவறிப்போனால், கட்டிய முழுத் தொகையையும் அதன் மேல் 75 சதவீத இழப்பீட்டையும் தரவேண்டும். ஆகவே பணம் கட்டுவதற்கு முந்திய பக்கத்தில் இருக்கும் சிறிய எழுத்துகளைப் படித்து, அந்தப் பக்கத்தின் படத்தைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.

தனித்தனிச் சீட்டில் சிக்கிக்கொண்டவருக்கும் ஒரு வழி உண்டு என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. ஐரோப்பாவின் பல தேசிய ரயில்வேக்கள், பன்னாட்டுப் பயணத்தில் முதல் ரயிலின் தாமதத்தால் இணைப்பைத் தவறவிட்டவரை, அதே நிறுவனத்தின் அடுத்த ரயிலில், அதே வழியில் ஏற்றிச் செல்வதாகத் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டுள்ளன. இது சட்ட உரிமை அல்ல, சலுகை. எல்லா நிறுவனங்களும் இதில் இல்லை, தனியார் ரயில்களுக்கு இதை எதிர்பார்க்க முடியாது. மாறுவதற்குப் போதிய நேரம் வைத்திருந்தோம் என்பதும் தாமதத்துக்குச் சான்று இருக்கிறது என்பதும் முக்கியம். தாமதமாகும் ரயிலில் இருக்கும்போதே பரிசோதகரிடம் சென்று, சீட்டில் தாமதத்தைக் குறித்துத் தரும்படி கேட்க வேண்டும். இறங்கிய பிறகு அந்தக் குறிப்பை வாங்குவது கடினம். நான் அன்று நாற்பது நிமிடம் கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துக் கவலைப்பட்டேனே தவிர, இரண்டு பெட்டி தள்ளி இருந்த பரிசோதகரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாம் பயணத்தில் இதையெல்லாம் எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன். பிராகிலிருந்து புடாபெஸ்டுக்கு பிர்னோ, பிராட்டிஸ்லாவா வழியாக நேரடி ரயிலே உண்டு. பயண நேரம் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் முறை விலையை மட்டும் பார்த்த கண்ணுக்கு அது படவில்லை. வயதானவர்களோடு செல்லும்போது, சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் மாறாமல் செல்லும் ரயிலே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. மாற்றம் தவிர்க்க முடியாத இடத்தில், தேடலின்போதே மாறும் நேரத்தைக் கூட்டிக் கேட்கும் வசதியைப் பயன்படுத்தினேன். ஜெர்மனியின் டாய்ச்ச பான் தளத்தில் குறைந்தது இத்தனை நிமிட இடைவெளி வேண்டும் என்று குறிப்பிடலாம். வழியில் ஓர் ஊரில் சில மணி நேரம் தங்கிச் செல்வதாகவும் சேர்க்கலாம். இப்படிச் செய்தால் முழுவழிச் சீட்டின் பாதுகாப்பும் குறையாது, மாறும்போது ஓடவும் வேண்டாம். வியன்னாவிலிருந்து டிரெஸ்டன் திரும்பும் சீட்டில், பிராகில் 12 நிமிடமாக இருந்த இடைவெளியை ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஆக்கிக்கொண்டேன். அதோடு, நாளின் கடைசி ரயிலை நம்பியிருக்கும் எந்தத் திட்டத்தையும் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தேன். நமக்குப் பின்னால் இன்னும் ஒரு ரயிலாவது இருக்க வேண்டும்.

எந்தத் தளத்தில் வாங்குவது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. ஒரே ரயிலை இரு நாட்டு ரயில்வேக்களும் விற்கின்றன. ஒரே இருக்கைக்கு இரு விலைகள் இருக்கக்கூடும். பெர்லின், டிரெஸ்டன், பிராக் தடத்தில் ஜெர்மானியத் தளத்தையும் செக் ரயில்வே தளத்தையும் அடுத்தடுத்துத் திறந்து பார்ப்பது என் வழக்கம். செக் தளத்தில் பெரும்பாலும் அந்நாட்டு நாணயமான குரோனாவில் குறைவாக இருக்கும், சில நாட்களில் மறுதலையாகவும் இருக்கும். வியன்னா, புடாபெஸ்ட் தடத்துக்கு ஆஸ்திரிய, ஹங்கேரிய ரயில்வேக்களின் தளங்களை அதேபோல ஒப்பிடலாம். கால அட்டவணையைப் பார்க்க டாய்ச்ச பான் தளம் மிகவும் உதவுகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஓடும் ரயில்கள் அதில் இருக்கின்றன. ஆனால் அட்டவணையில் தெரியும் எல்லா ரயிலுக்கும் அங்கே விலை தெரியாது. விலை தெரியவில்லை என்றால் சீட்டு தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல. அந்தத் தளத்தால் அதை விற்க முடியவில்லை என்றே பெரும்பாலும் பொருள். பிராக், வியன்னா தடத்தில் ரெஜியோஜெட் என்ற தனியார் ரயிலும் ஓடுகிறது. அதன் சீட்டு அதன் ரயிலுக்கு மட்டும் செல்லும், தேசிய ரயில்வேயின் சீட்டை வைத்துக்கொண்டு அதில் ஏற முடியாது.

சலுகைக் கட்டணங்கள் விமானக் கட்டணம்போல நாளாக நாளாக ஏறும் என்பதால் சீக்கிரம் வாங்குவது லாபம்தான். ஆனாலும் மிக மலிவான சீட்டை ரத்து செய்தால் பொதுவாகப் பணம் திரும்ப வராது. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா பெற்றோரின் கைக்கு வரும் முன் அத்தகைய சீட்டை வாங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். இன்னொன்று, ஐரோப்பா முழுவதும் கால அட்டவணை டிசம்பரின் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவில் மாறுகிறது. அந்த நாளுக்குப் பிந்திய பயணங்களுக்கு விற்பனை தாமதமாகத் திறக்கும் என்பதால், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் திட்டமிடுபவர்கள் ஆகஸ்டிலேயே ரயில் எதுவும் தெரியவில்லை என்று கலங்க வேண்டாம்.

பல நாடுகளுக்கும் செல்லும் பாஸ்கள் இருக்கின்றன. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில், பின்னதில் 60 வயது கடந்தவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. எங்களைப்போல நான்கைந்து பயணங்கள் மட்டும், தேதி உறுதியாக, முன்கூட்டியே செய்பவர்களுக்குத் தனிச் சலுகைச் சீட்டே மலிவாக அமைந்தது. தினமும் ஊர் மாறுபவர்களுக்குக் கணக்கு வேறாக வரலாம்.

நம் ஊரிலிருந்து வருபவர்களுக்கு விளக்க வேண்டிய ஒரு வேறுபாடு, பயணச்சீட்டு வேறு, இருக்கை முன்பதிவு வேறு என்பது. ஜெர்மனி, செக், ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் பெரும்பாலான நெடுந்தூர ரயில்களில் சீட்டு என்பது ஏறிச் செல்லும் உரிமை மட்டுமே. உட்கார இடம் வேண்டுமென்றால் சில யூரோ தனியாகக் கட்டவேண்டும். காத்திருப்புப் பட்டியல் என்பதே கிடையாது, கூட்டம் அதிகமென்றால் நின்றுகொண்டு போகலாம். பிரான்ஸின் டிஜிவி, லண்டன் மற்றும் பாரிஸ் செல்லும் யூரோஸ்டார் போன்றவற்றில் மட்டும் இருக்கை இல்லாமல் ஏற முடியாது. கையில் சீட்டு இருந்தும் தன் இருக்கை எது என்று தெரியாமல், யாராவது வந்து எழுப்புவார்களோ என்ற பதற்றத்தோடு அப்பா டிரெஸ்டன் முதல் பிராக் வரை இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரியவர்களோடு செல்பவர்கள் இந்தச் சில யூரோவை மிச்சம் பிடிக்கவே கூடாது. முன்பதிவு செய்தால் பெட்டி எண் முன்பே தெரியும்; நடைமேடையில் ஏ, பி, சி என்று எழுதியுள்ள பகுதிகளில் எங்கே அந்தப் பெட்டி வந்து நிற்கும் என்பதையும் பலகையில் காணலாம். நடைமேடையின் உயரம் நாட்டுக்கு நாடு, நிலையத்துக்கு நிலையம், 55 சென்டிமீட்டர், 76 சென்டிமீட்டர் என்று மாறுவதால், பல பெட்டிகளில் இரண்டு மூன்று படிகள் ஏறித்தான் உள்ளே போகவேண்டும். கனமான ஒரு பயணப்பெட்டிக்குப் பதில் சிறிய இரண்டு பயணப்பெட்டிகள் கொண்டுவரச் சொன்னது அடுத்த பயணத்தில் பெரிதும் உதவியது.

சீட்டில் எழுதும் பெயரிலும் கவனம் வேண்டும். நம் பெரியவர்கள் பலரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகவோ தந்தையின் பெயரோடோ இருக்கும். தளமோ இரண்டு பெயர்களையும் கேட்கும். வீட்டில் எழுதும் முன்னெழுத்தைப் போடாமல், கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பிரித்து எழுதவேண்டும். பலருக்குச் சேர்த்து வாங்கும் ஜெர்மானிய இணையச் சீட்டில் ஒருவர் பெயர்தான் இருக்கும். அவர் உடனிருந்தால்தான் அந்தச் சீட்டு செல்லும். மாமனார் மாமியாருக்கான சீட்டை அவர்கள் இருவர் மட்டும் தனியாகச் செல்லும் நிலை வந்தாலும் பயன்படும்படி, என் பெயரில் அல்லாமல் மாமனார் பெயரிலேயே வாங்கினேன்.

ஊர்களின் பெயரும் நிலையங்களின் பெயரும் மொழிக்கு மொழி மாறுவதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வியன்னா ஜெர்மன் மொழியில் வீன்; செக் மொழியில் வீடென்; ஹங்கேரிய மொழியில் பேச். டிரெஸ்டனுக்குச் செக் பெயர் டிராஷ்டியனி. ஜெர்மனியிலிருந்து செல்லும் ரயில்கள் பிராகில் முதலில் ஹொலெஷோவிட்செ நிலையத்தில் நிற்கும், மத்திய நிலையம் அதற்கு அடுத்தது. பிராக் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்துவிடக் கூடாது. புடாபெஸ்டில் கெலெட்டி, நியுகட்டி, டேலி என்று மூன்று பெரிய நிலையங்கள். அவற்றின் பெயர்களுக்குக் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று பொருள். ஆனால் மேற்கே இருக்கும் வியன்னாவிலிருந்து வரும் ரயில்கள் சென்று சேர்வது கிழக்கு நிலையமான கெலெட்டியில். ஜெர்மனிக்கு உள்ளேயே, மைன் ஆற்றங்கரையில் ஒரு பிராங்க்பர்ட்டும், போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில் இன்னொரு பிராங்க்பர்ட்டும் இருப்பதால், சீட்டு வாங்கும்போது ஆற்றின் பெயரையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

இந்த நாடுகள் எல்லாம் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் எல்லையில் முத்திரை குத்துவதில்லை. ஒருமுறை நுழைவதற்கான விசாவே எல்லாவற்றுக்கும் போதும். ஆனாலும் 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. முதல் பயணத்தில் திரும்பி வரும்போது காவலர்கள் பெட்டிக்குள் வந்து கடவுச்சீட்டைக் கேட்டார்கள். அம்மாவின் கடவுச்சீட்டு மேல்தட்டில் இருந்த பெட்டியின் அடியில் இருந்தது. அடுத்த முறை எல்லோருடைய கடவுச்சீட்டும், மாற்றுப் பிரதி அல்ல, அசலே, கைப்பையில் இருந்தது. அன்று யாரும் கேட்கவில்லை.

இழப்பீடு கேட்க நேர்ந்தால் சீட்டை விற்ற நிறுவனத்திடமோ ரயிலை ஓட்டிய நிறுவனத்திடமோ மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். சீட்டு, தாமதக் குறிப்பு, வாங்கிய உணவின் ரசீது ஆகியவற்றைப் படமெடுத்து ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருந்தால் அரை மணி நேர வேலைதான்.

இருக்கை முன்பதிவு செய்யும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெஸ்டனிலிருந்து பிராகுக்குச் செல்லும் ரயில் எல்பே ஆற்றின் கரையை ஒட்டியே எல்லை வரை போகிறது. போகும் திசையில் ஆறு இடப்பக்கம். பாஸ்டை பாறைக் கோபுரங்களும் ஆற்றின் அக்கரையில்தான் தெரியும். தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும் கோனிக்ஸ்டைன் கோட்டை மட்டும் வலப்பக்கம். மாமியாருக்கு இடப்பக்கச் சன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தேன். எல்லை தாண்டியதும் வரும் டெச்சின் நிலையத்தில் செக் பரிசோதகர் வந்து சீட்டைக் கேட்கும் வரை அவர் சன்னலைவிட்டுத் திரும்பவில்லை.